மேடை யாருடையது?

ஊர்தோறும் இன்று ஒரு கலையரங்கம் நிற்கிறது. நான்கு தூண்கள், மேலே காங்கிரீட் கூரை, பின்புறம் ஒரு சுவர், பக்கத்திலே ஏறுவதற்கு நாலைந்து படிகள். நெற்றியிலே பெயர். பெயருக்குக் கீழே, எந்த நிதி, எத்தனை இலட்சம், எவர் கரத்தால் திறப்பு என்று பளிங்கிலே பொறித்த எழுத்து. எல்லாம் இருக்கிறது, இல்லாதது ஒன்றே ஒன்று, கலை! ஆண்டின் பெரும்பகுதியும் அந்த மேடையிலே மக்காச்சோளம் காய்கிறது. மாலையிலே சீட்டாட்டம் நடக்கிறது. மழை வந்தால் ஆடுகள் ஒதுங்குகின்றன. எஞ்சிய நாட்களிலே திருவிழாவுக்கு ஒரு பாட்டுக் கச்சேரி, தேர்தலுக்கு ஒரு கூட்டம். விளக்கு அணைந்ததும் மேடையின் நினைவும் அணைந்துவிடும்.

ஆட்டுக்கும் சோளத்துக்கும் நாம் பகைவரல்லர். உழவனுக்குக் களம் வேண்டும். அதை எவரும் மறுக்கவில்லை. நாம் கேட்பது இதுதான்: மேடை என்று பெயரிட்டுக் கட்டப்பட்ட ஒன்று, மேடையாக வாழ என்ன வேண்டும்? சில அரங்கங்களைச் சுட்டி, "இது எங்கள் அரங்கம்" என்று மக்கள் பெருமிதத்தோடு கூறுகின்றனரே, அந்தச் சொல் எப்போது பிறக்கிறது? எதனால் பிறக்கிறது?

இந்தக் கேள்வியை நாம் ஏட்டிலிருந்து எடுக்கவில்லை. வாழும் இடத்திலிருந்து எடுத்தோம். நாம் குடியிருப்பது அமராவதி நகரில். ஆனைமலைத் தொடரின் அடிவாரத்திலே, 1950-களில் அமராவதி ஆற்றின் குறுக்கே அணை எழுந்தபோது, அதையொட்டி வளர்ந்த குடியிருப்பு இது. 1962-இல் இங்கே சைனிக் பள்ளி வந்தது. கோவை மாவட்டத்தின் உடுமலை வட்டத்தில் இருந்த ஊர், 2009 முதல் திருப்பூர் மாவட்டத்து ஊர். நாம் பாடம் சொல்வது, இங்கிருந்து சில கல் தொலைவிலே உள்ள ஒரு சிற்றூர்ப் பள்ளியில்.

விடியுமுன்னே நூற்பாலை வண்டி வந்து தெருமுனையிலே ஒலியெழுப்பும். தூக்குப்போசியோடு பெண்கள் ஓடிவந்து ஏறுவர். திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்குச் சென்ற இளைஞர், பொங்கலுக்கும் நோம்பிக்கும் வந்து முகங்காட்டித் திரும்புவர். ஆலையிலே ஷிப்டு, தோட்டத்திலே முறைத் தண்ணீர், வீட்டிலே தொலைக்காட்சி, கையிலே கைப்பேசி. ஊர் மக்கள் ஒருவர் முகத்தை ஒருவர் நின்று பார்க்கும் இடம் இன்று இரண்டே: ஒன்று ரேஷன் கடை, மற்றொன்று இழவு வீடு! அங்கும் தெருவுக்கேற்ற வரிசை உண்டு. இப்படிப்பட்ட ஊரிலே, எல்லோரும் சேர்ந்து சிரிக்கவும் சேர்ந்து கண் கலங்கவும் ஓர் இடம் வேண்டும் என்று கேட்பது ஆடம்பரமா? பசித்தவன் கஞ்சி கேட்பது போன்ற கோரிக்கையே அது.

மேடைக்கு முகம் எப்படி வாய்க்கிறது என்பதை அறிய, நம் நாட்டு மேடையின் பழங்கதையைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

முன்னாளிலே கலை வாழ்ந்த இடங்கள் எவை? கோயில் மண்டபம், அரண்மனைக் கூடம், செல்வர் மாளிகை. மண்டபத்திலே நாயனம் முழங்கும். பிறப்பைக் காட்டி வெளியே நிறுத்தப்பட்டவன் காதிலும் அது விழும். ஆனால், வாசிப்பவன் முகத்தை அவன் கண்டதில்லை. மதுரை மீனாட்சி கோயிலிலே ஆலய நுழைவு நடந்தது 1939-இல்தான் என்பதை நினைவிற்கொண்டால், அதற்கு முன்பு எத்தனை தலைமுறை வெளியிலேயே நின்று கேட்டிருக்கும் என்பது விளங்கும். கலை இருந்தது, கலைக்கு எதிரே அமர இடமில்லை.

பிறகு வந்தது நாடகக் கொட்டகை. கீற்று வேய்ந்த கூரை, மண் தரை, எண்ணெய் விளக்கு. சங்கரதாசு சுவாமிகள் 1918-இல் மதுரையிலே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தார். அவர்போன்றோர் சிறுவர்களைப் பயிற்றி ஊர் ஊராக நாடகம் நடத்திய காலம். கொட்டகை ஒரு புதுமை செய்தது: தரைக்கு ஒரு கட்டணம், பெஞ்சுக்கு ஒரு கட்டணம், நாற்காலிக்கு ஒரு கட்டணம். காசு கொடுத்தவன் உள்ளே! ஆயினும் சாதி அவ்வளவு எளிதிலே இடம் விடுமா? "பஞ்சமர்களுக்கு இடமில்லை" என்று நாடக நோட்டீசிலேயே அச்சிட்ட காலமும் இந்நாட்டிலே இருந்தது. மெல்ல மெல்லவே அந்த வரி அழிந்தது. ஈழத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி, தமிழ்த் திரைப்படத்தைப் பற்றி 1981-இல் வெளியிட்ட ஆங்கில நூலிலே, தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதற் கலைக்கூடம் திரையரங்கே என்ற கருத்தை வைத்தார். எத்தனை பெரிய உண்மையை எத்தனை எளிதாகக் கூறிவிட்டார்!

காசும் கொடிய அளவுகோல்தான். இலண்டனிலே 1599-இல் எழுந்த குளோப் அரங்கிலும் ஒரு பென்னி கொடுத்தவன் முற்றத்திலே நின்றான். மேலும் கொடுத்தவன் மாடத்திலே அமர்ந்தான். ஆனால், காசு மாறக்கூடியது. இன்று தரைச் சீட்டு வாங்கியவன் நாளை நாற்காலிச் சீட்டு வாங்கலாம். பிறப்பைக் கொடுத்துவிட்டு வேறு சீட்டு வாங்க எந்தக் கொட்டகையிலே சன்னல் திறந்திருக்கிறது? ஆகவே, ஓர் அரங்கின் முகத்தைத் தீட்டும் முதற்கோடு, அதன் எதிரே யார் அமரலாம் என்பதே.

இரண்டாவது கோடு, மேடையிலே எம்மொழி ஒலிக்கலாம் என்பது. 1928-இல் சென்னையிலே இசை அவை ஒன்று, மியூசிக் அகாதமி, தோன்றியது. கற்றோரும் செல்வரும் கூடும் அவையாக அது வளர்ந்தது. அந்நாளைய கச்சேரி மேடைகளிலே தெலுங்கும் வடமொழியும் பந்தி முழுவதும் பரிமாறப்பட, தமிழோ கடைசியிலே "துக்கடா" என்னும் ஊறுகாயாக ஓரத்திலே வைக்கப்பட்டது. கேட்பவர் தமிழர், பாடுபவரும் பெரும்பாலும் தமிழர், பாட்டு மட்டும் தமிழன்று! இந்நிலையை எதிர்த்து எழுந்ததே தமிழிசை இயக்கம். அரசர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்றார். நம் கொங்கு நாட்டு ஆர்.கே. சண்முகம் செட்டியார் துணை நின்றார். 1941-இல் அண்ணாமலை நகரிலே மாநாடு. 1943-இல் சென்னையிலே தமிழ் இசைச் சங்கம். 1946-இல் திருவையாற்று ஆராதனை மேடையிலே தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாட்டுப் பாடியதும், மேடையே தீட்டுப்பட்டதென்று எழுந்த பூசலும், அதைச் சாடிக் "குடி அரசு" ஏட்டிலே கலைஞர் கருணாநிதி "தீட்டாயிடுத்து" என்று தலைப்பிட்டு எழுதியதும் பலர் அறிந்த வரலாறு.

அந்தச் சங்கம், உயர்நீதிமன்றத்துக்கு எதிரே 1952-இல் தனக்கென ஓர் இல்லம் கண்டது. அதுவே இராசா அண்ணாமலை மன்றம். ஒரு கருத்தை எண்ணிப் பாருங்கள்: சென்னையிலே மண்டபங்களுக்குப் பஞ்சமா? வாடகைக்கு ஆயிரம் கிடைக்கும். ஆயினும், வாடகை மண்டபத்திலே விருந்தாளியாக ஒலித்த தமிழ், தன் வீட்டிலே உரிமையாளியாக ஒலித்தது. பாட்டோடு நில்லாமல், பழந்தமிழ்ப் பண்களை ஆராயும் கூட்டங்கள் ஆண்டுதோறும் கூடின. "இசைப் பேரறிஞர்" என்ற பட்டம் 1957 முதல் வழங்கப்பட்டது. ஒரே கொள்கை, ஆண்டு தவறாத விழா, கற்பிக்க ஒரு கல்லூரி. இவை சேர்ந்ததால், அந்த மன்றத்தின் பெயரைச் சொன்னவுடன் தமிழிசை என்ற சொல் தானாக நாவில் எழுந்தது.

ஆனால், மொழி மாறினால் மட்டும் போதுமா? தமிழிலே பாடப்படும் பொருள் என்ன என்று பெரியார் அன்றே கேட்டார். பழைய பத்தியையும் பழைய கதையையும் தமிழிலே பாடிவிட்டால் அறிவு வளர்ந்துவிடுமா என்பது அவர் வினா. அங்கே தொடங்குகிறது மூன்றாவது கோடு: மேடையிலே எதைச் சொல்லலாம் என்பது.

அறிஞர் அண்ணாவின் "ஓர் இரவு", "வேலைக்காரி", எம்.ஆர். இராதாவின் "இரத்தக்கண்ணீர்". இவை நடந்த கொட்டகைகள், கதை கேட்கும் இடமென்ற பழைய முகத்தைக் களைந்து, கேள்வி கேட்கும் இடமென்ற புதுமுகம் பூண்டன. நாடகம் பார்த்து வெளியே வந்தவன், வரும் வழியெல்லாம் வாதாடிக்கொண்டே வந்தான். அதனாலேதான் ஆள்வோர்க்கு மேடையிடம் அச்சம்! வெள்ளையன் 1876-இல் நாடகத்துக்கு ஒரு கட்டுப்பாட்டுச் சட்டம் செய்தான். வெள்ளையன் போன பிறகும், இராதாவின் நாடகங்கள் பரபரப்பூட்டிய 1954-இல், சென்னை மாநிலம் தனக்கென ஒரு நாடகச் சட்டம் செய்துகொண்டது. 2013-இலேதான் சென்னை உயர்நீதிமன்றம் அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று கூறிற்று. கீற்றுக் கொட்டகை எத்தனை வலிமையுடையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் உடுமலைக்கும் இவ்வரலாற்றிலே பங்குண்டு. 1899-இல் பூளவாடியிலே பிறந்து, நாடகத்துக்குப் பாட்டெழுதிப் பழகி, திரையுலகிலே "பகுத்தறிவுக் கவிராயர்" என்று புகழ்பெற்று, 1981-இல் மறைந்தவர் உடுமலை நாராயணகவி. கலைவாணர் என்.எஸ். கிருட்டிணனுக்குப் பல பாடல்கள் எழுதியவர். அந்தக் கலைவாணர் நிகழ்த்திய "கிந்தனார்" கதையை நம் இளைஞர் எத்தனை பேர் அறிவர்? பழைய நந்தன் தில்லைக்குப் போக ஏங்கினான். கலைவாணரின் கிந்தன் பள்ளிக்கூடம் போக ஏங்கினான். பழையவன் நெருப்பிலே மூழ்கித் தூய்மை பெற்றான். புதியவன் படித்துப் பதவி பெற்றான். காலட்சேப மேடையின் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, அதன் உள்ளீட்டை மாற்றிவைத்த பேரறிவு! கவிராயருக்கு உடுமலைப்பேட்டையிலே மணிமண்டபம் இருக்கிறது. அவர் கருத்துக்கு மண்டபம் எங்கே இருக்கிறது? நம் ஊர் மேடைகளிலே அல்லவா இருக்க வேண்டும்!

"சென்னையிலே நடக்கும், சிற்றூரிலே நடக்குமா?" என்று நண்பர்கள் கேட்பர். நடந்திருக்கிறது. கருநாடகத்திலே, சாகரத்தை அடுத்து, ஹெக்கோடு என்று ஒரு சிற்றூர். பாக்குத் தோட்டக்காரர் வாழும் ஊர். 1949-இல் கே.வி. சுப்பண்ணாவும் நண்பர்களும் அங்கே "நீநாசம்" என்ற நாடகச் சங்கத்தைத் தொடங்கினர். சிற்றூர்க்காரருக்கு ஏற்றது இதுதான் என்று எதையும் குறைத்து வைக்கவில்லை. கன்னட நாடகமும் வந்தது, ஷேக்ஸ்பியரும் வந்தார். 1980-இல் நாடகப் பயிற்சிக் கூடம் ஒன்றும் அங்கே எழுந்தது. 1991-இல் சுப்பண்ணாவுக்கு மகசேசே விருது கிடைத்தது. பாக்கு விளையும் ஊர் பல; நாடகம் விளைந்த ஊர் என்பதால்தான் ஹெக்கோட்டை நாம் அறிகிறோம். அவர்கள் கற்றுத் தரும் பாடம், நான்காவது கோடு: விடாமல் நடத்துவது. ஒருநாள் விழா ஊருக்கு வேடிக்கை. ஆண்டுக்கணக்கான வழக்கம் ஊருக்கு முகம்.

யார் அமரலாம், எம்மொழி ஒலிக்கலாம், எதைச் சொல்லலாம், எத்தனை நாள் தவறாமல் கூடலாம். இந்த நான்கையும் மனத்திலே வைத்துக்கொண்டுதான், சென்ற ஆண்டு நம் பள்ளி ஆண்டு விழாவை ஊர்க் கலையரங்கத்திலே நடத்த விரும்பினோம். பள்ளிக்கூடம் போன நந்தனைப் பற்றி மாணவர்களே கூடி ஒரு நாடகம் அமைத்திருந்தனர். எல்லாத் தெருப் பிள்ளைகளும் அதில் இருந்தனர். ஊர்ப் பெரியவர் ஒருவரைச் சந்தித்து இடம் கேட்டோம். நாற்காலி போட்டு அமரவைத்து, மோர் கொடுத்து உபசரித்த பின்பு அவர் சொன்னார்: "நாடகம் போடுங்க வாத்தியாரே, நல்லாப் போடுங்க. ஆனா பாருங்க, அது கோயில் வாசலுங்க. அந்தத் தெருப் பசங்க மேல ஏற வேண்டாமுங்க. மத்தபடி எங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க."

எத்தனை "ங்க"! கொங்குத் தமிழின் இனிமை ஒரு சொல்லிலும் குறையவில்லை. குறைந்தது மனிதம் ஒன்றுதான். பளிங்கிலே பொறித்திருந்ததை நினைவூட்டினோம். பொது நிதி, பொது மக்கள் பயன்பாட்டுக்கு என்று எழுதியிருந்தது. அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு, பொதுக் கேளிக்கை இடங்களிலே சாதியைக் காட்டி எவரையும் தடுத்தலாகாது என்று கூறுவதையும், 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்ததையும் எடுத்துரைத்தோம். "சட்டம் உங்களுக்குத் தெரியுங்க, ஊரு எங்களுக்குத் தெரியுங்க" என்றார்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும், நந்தனாக நடிக்கவிருந்த மாணவன் மேசையருகே வந்து நின்றான். செய்தி எப்படியோ எட்டிவிட்டது. "நா வேணா விலகிக்கறேனுங்க சார். நாடகம் நின்னறப் போகுது" என்றான். பதின்மூன்று வயது! படிக்கப் போராடும் பையன் கதையிலே நடிக்க வந்தவன், நாடகத்தைக் காப்பாற்றத் தன்னையே பலி தர முன்வருகிறான். ஊர் தன் பிள்ளைகளுக்கு எதைக் கற்பித்திருக்கிறது என்பதை அந்த ஒரு சொல் காட்டிற்று. விலக வேண்டியது நீயல்ல என்று கூறினோம்.

விழா பள்ளி வளாகத்திலேயே நடந்தது. வேப்பமரத்தடியிலே மேசைகளை இணைத்து மேடையாக்கினோம். திரைக்குச் சேலை வேண்டும் என்று பிள்ளைகளிடம் கூறினோம். எல்லாத் தெருவிலிருந்தும் சேலைகள் வந்தன. ஒரே கயிற்றிலே தொங்கின. ஷிப்டு முடித்து வந்த பெண்கள், வண்டியிலிருந்து இறங்கியவாறே, தூக்குப்போசியை மடியிலே வைத்துக்கொண்டு மண் தரையிலே அமர்ந்தனர். எந்தத் தெருவுக்கும் தனி இடம் குறிக்கவில்லை; இருட்டிலே யாரும் தேடவுமில்லை. தடை சொன்ன பெரியவர் வரவில்லை. அவர் வீட்டுப் பெண்கள் வந்திருந்தனர். நந்தன் ஏட்டைத் திறந்து முதல் வரியைப் படித்தபோது எழுந்த கையொலியிலே, எந்தக் கை எந்தத் தெருக் கை என்று பிரித்தறிய எவராலும் இயலவில்லை.

அன்று தொடங்கியது நிற்கவில்லை. மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை மாலை, அதே மரத்தடி. ஒரு மாதம் முதியவர்கள் ஒயிலாட்டம் கற்றுத் தந்தனர். ஒரு மாதம் ஆலைப் பெண் ஒருவர், இரவு ஷிப்டிலே உறக்கம் வாராதிருக்கத் தானே கட்டிய பாட்டைப் பாடினார். ஒரு மாதம் சிறுகதை படித்து வாதாடினோம். மழை பெய்த மாதம் வகுப்பறைக்குள்ளே கூடினோம். இப்போது பிள்ளைகள் அந்த இடத்துக்குத் தாமே ஒரு பெயர் சூட்டிவிட்டனர்: "வேப்பமரத்து மேடை". பளிங்கு இல்லை, திறப்பாளர் இல்லை, ஆயினும் ஊரிலே யாரைக் கேட்டாலும் வழி சொல்வர். வெளியூர் சென்ற இளைஞர்களும், "இந்த மாசம் என்னங்க?" என்று தொலைபேசியிலே கேட்கின்றனர். முகம் என்று நாம் கூறியது இதைத்தான்.

இதோடு மனநிறைவு கொள்ளலாமே என்கின்றனர் சிலர். கொள்ளலாகாது! நமக்கென ஒரு மரத்தடி கிடைத்துவிட்டது என்பதற்காகப் பொது மேடையை விட்டுக்கொடுப்பது, ஒதுக்கப்பட்டதை ஒப்புக்கொள்வதாகும். பொதுப் பணத்திலே எழுந்த கலையரங்கம், பொதுவாகும்வரை நம் பணி முடியாது. ஆகவே, அடுத்து வரும் கிராம சபையிலே வைக்க ஒரு தீர்மானம் எழுதியிருக்கிறோம். அதிலே கேட்டிருப்பது மிகச் சிறிது. கலையரங்கத்துக்கு ஒரு பதிவேடு வேண்டும். எக்குழுவும் தன் பெயரையும் நாளையும் நிகழ்ச்சியையும் அதிலே எழுதலாம். முதலில் எழுதியவர்க்கு முதல் இடம். தெருவின் பெயருக்கு அதிலே பத்தி இருக்கக்கூடாது. கையொப்பம் திரட்டுகிறோம், முதலில் கையொப்பமிட்டவர்களில், தூக்குப்போசியோடு வந்து தரையிலே அமர்ந்த பெண்கள் பலர். சபை மறுத்தால், சட்டத்தின் வழி திறந்தே இருக்கிறது, அங்கும் செல்வோம்.

தோழர்களே! உங்கள் ஊரிலும் ஒரு கலையரங்கம் நிற்கிறது. அதன் நெற்றியிலே எழுதியிருப்பதை ஒருமுறை படியுங்கள். பிறகு, அதிலே ஏறுவதற்கு எவர் அனுமதி வேண்டியிருக்கிறது என்று விசாரியுங்கள். இரண்டும் ஒத்திருந்தால் மகிழுங்கள். மாதம் ஒருநாள் தவறாமல் கூடுங்கள். ஒத்திராவிட்டால் ஒரு பதிவேடு வாங்குங்கள். விலை அதிகமில்லை. முதற்பக்கத்திலே, இதுவரை அம்மேடையிலே ஏறாத பிள்ளையின் பெயரை எழுதுங்கள். எங்கள் பதிவேட்டின் முதல் வரியிலே, நந்தனாக நடித்த அந்த மாணவன் தன் கையாலேயே தன் பெயரை எழுதி வைத்திருக்கிறான். நாள் என்ற இடத்தை மட்டும் இன்னும் நிரப்பவில்லை.